850 டிகிரி என்று சொன்னது யார்?

எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் வாங்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர்கள் பலவற்றோடு ஒரு மெல்லிய இரட்டைக் கம்பியும் வரும். ஒரு முனையில் இரண்டு கம்பிகளும் குண்டூசித் தலையளவுக்குப் பற்றவைக்கப்பட்டிருக்கும். மறுமுனையில் மீட்டரில் செருகுவதற்கு இரண்டு பின்கள். பற்றவைத்த முனையைக் கொதிநீரில் விட்டால் திரை 100-ஐ ஒட்டிக் காட்டும். இனி அந்தக் கம்பியைக் கழற்றிவிட்டு, மீட்டரின் இரண்டு துளைகளையும் ஒரு செம்புக் கம்பித் துண்டால் இணைத்துப் பாருங்கள். திரை அணையாது, பிழை என்றும் சொல்லாது. 31 என்றோ 32 என்றோ, கிட்டத்தட்ட அந்த அறையின் வெப்பநிலையைக் காட்டும். வெப்பத்தை உணர எதுவுமே செருகப்படவில்லை. பிறகு அந்த 31 எங்கிருந்து வந்தது? மீட்டரின் வயிற்றுக்குள்ளிருந்து வந்தது என்பதுதான் விடை. அப்படியானால் கொதிநீரில் காட்டிய 100-லும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீரிலிருந்து வரவில்லை, மீட்டரே சேர்த்துக்கொண்டது. கோவையிலும் அம்பத்தூரிலும் எஃகுப் பாகங்களைக் கடினமாக்கும் உலைகளின் திரையில் 850.3 என்று ஓர் எண் ஒளிரும்போது, அதில் எத்தனை டிகிரி உலையுடையது, எத்தனை டிகிரி கருவியுடையது, அந்தத் தசமப் புள்ளிக்குப் பின்னால் நிற்கும் 3-க்கு ஏதாவது பொருள் உண்டா என்றெல்லாம் கேட்க இந்த விளையாட்டே போதுமான காரணம்.

பாடநூல்களில் வெப்ப மின்னிரட்டை என்றும் பட்டறைகளில் தெர்மோகப்பிள் என்றும் வழங்கும் இந்தக் கருவியின் கதை 1821-இல் பெர்லினில் தொடங்குகிறது. செம்பையும் பிஸ்மத்தையும் வளையமாக இணைத்து ஓர் இணைப்பை மட்டும் சூடாக்கியபோது அருகிலிருந்த காந்த ஊசி திரும்புவதைத் தாமஸ் யோஹான் சீபெக் கண்டார். வெப்பம் நேராகக் காந்தத்தை உண்டாக்குகிறது என்றே அவர் எடுத்துக்கொண்டார். வளையத்தில் ஓடுவது மின்சாரம், காந்தம் அதன் விளைவு என்று சரியாகச் சொன்னவர் எர்ஸ்டெட். ஒரு கம்பியின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ந்தும் இருந்தால் அதனுள் இருக்கும் எலக்ட்ரான்களின் பரவல் சற்றே நிலைமாறி, இரு முனைகளுக்கும் இடையே ஒரு சிறு மின்னழுத்தம் தோன்றும். எவ்வளவு தோன்றும் என்பது உலோகத்துக்கு உலோகம் வேறுபடும். போகும் கம்பியும் வரும் கம்பியும் ஒரே உலோகமானால் இரண்டும் ஒன்றையொன்று கழித்துவிடும். வேறுவேறு உலோகமானால் மிச்சம் நிற்கும். அந்த மிச்சத்தைத்தான் அளக்கிறோம். தொழிற்கூடங்களில் அதிகம் புழங்கும் கே வகையில் ஒரு கம்பி நிக்கல்-குரோமியக் கலவை, மற்றது அலுமினியம் முதலியவை சிறிதளவு சேர்ந்த நிக்கல் கலவை. இந்த ஜோடி டிகிரிக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட் தருகிறது. ஒரு டார்ச் பேட்டரியின் 1.5 வோல்ட்டை 36,000-க்கும் மேற்பட்ட கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவுதான் ஒரு டிகிரி.

ஆனால் அந்த மின்னழுத்தம் சொல்வது வெப்பநிலையை அல்ல, இரண்டு முனைகளுக்கும் இடையிலான வேறுபாட்டை மட்டுமே. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் வண்டியில் 'எவ்வளவு ஏறினோம்' என்பதை மட்டும் கணக்கிடும் கருவி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று அது தானாகச் சொல்லிவிட முடியாது. அடிவாரத்தின் உயரத்தை வேறு யாராவது சொல்ல வேண்டும். தெர்மோகப்பிளுக்கு அடிவாரம் என்பது அதன் கம்பிகள் கருவியின் செம்பு முனைகளோடு சேரும் இடம். குளிர் சந்தி என்று பெயர். பழைய ஆய்வகங்களில் அந்தச் சந்தியைப் பனிக்கட்டிக் குழம்பில் வைத்து 0 டிகிரியில் நிறுத்தினார்கள். உலகெங்கும் பயன்படும் அட்டவணைகள் இன்றும் அந்த 0 டிகிரியை ஆதாரமாக வைத்தே எழுதப்பட்டிருக்கின்றன. இன்றைய கருவிகளில் பனிக்கட்டி இல்லை. இணைப்பு முனைகளுக்குப் பக்கத்தில் ஒரு சிறு தெர்மிஸ்டரை வைத்து அந்த இடத்தின் வெப்பநிலையை அளந்து, அதற்குரிய மின்னழுத்தத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். குளிர்முனை ஈடுகட்டல் என்று இதைச் சொல்லலாம். செம்புத் துண்டைச் செருகியபோது வேறுபாடு பூஜ்யம். கூட்டிய தொகை மட்டும் 31 என்று திரையில் நின்றது. கூட்டவேண்டியது மின்னழுத்தத்தை, டிகிரியை அல்ல. பிளாட்டினமும் ரோடியமும் கலந்த எஸ் வகைக் கம்பி, அறை வெப்பநிலையில் டிகிரிக்கு 6 மைக்ரோவோல்ட்டே தரும், 1000 டிகிரிக்கு அருகில் 11-க்கு மேல் தரும். உலை 1000 டிகிரியிலும் கருவி 30 டிகிரியிலும் இருக்கும்போது வரும் மின்னழுத்தத்தை அப்படியே அட்டவணையில் தேடினால் 985 என்று வரும். அதோடு 30-ஐக் கூட்டினால் 1015. பதினைந்து டிகிரி அதிகம். கருவியின் மென்பொருள் பார்த்துக்கொள்ளும் விஷயம்தான் இது. சொந்தமாக நிரல் எழுதித் தரவு திரட்டுகிறவர்கள்தான் தடுக்கி விழுகிறார்கள்.

இந்தக் கட்டுரையின் வாதம் இனிமேல்தான் வருகிறது. மின்னழுத்தம் எங்கே பிறக்கிறது என்று கேட்டால் பொறியியல் படித்தவர்களில்கூடப் பலர் பற்றவைத்த முனையைத்தான் காட்டுவார்கள். அங்கே ஒன்றும் பிறப்பதில்லை. ஏற்காட்டுப் பாதையில் உயரம் கூடுவது கொண்டை ஊசி வளைவுகளில். மேலே ஏரிக்கரையைச் சுற்றி எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாலும் கணக்கில் பெரிதாக ஏறாது. அதுபோலக் கம்பியில் எந்தப் பகுதியில் வெப்பநிலை ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு மாறுகிறதோ, அந்தச் சரிவுப் பகுதியில்தான் மின்னழுத்தம் முழுவதும் உண்டாகிறது. உலைக்குள் சீரான சூட்டில் இருக்கும் முனையும் அதை ஒட்டிய பத்து சென்டிமீட்டரும் ஏறத்தாழ எதையும் தருவதில்லை. உலையின் சுவரைத் துளைத்து வெளியே வரும் அந்த ஒரு சாண் கம்பிதான் அளவியின் உண்மையான உறுப்பு. இதை நம்ப வேண்டியதில்லை, சோதித்துப் பார்க்கலாம். உருகிய அலுமினியத்தில் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று சேர்க்காமல் தனித்தனியே அருகருகே முக்கினால்கூட வெப்பநிலை சரியாகவே காட்டும். உருகிய உலோகமே சந்தியாகிவிடுகிறது. இடையில் ஒரு மூன்றாம் உலோகம் புகுந்தும் அளவு மாறவில்லை என்றால், அந்த உலோகம் முழுவதும் ஒரே வெப்பநிலையில் இருப்பதே காரணம்: சரிவில்லை, ஆகவே பங்களிப்பும் இல்லை. மறுபக்கம், முனையைத் தொடாமல் நடுக்கம்பியில் மட்டும் ஒரு சுடரைக் காட்டினால், கம்பி முழுக்க ஒரே சீரான கலவையாக இருக்கும்வரை திரையில் எண் அசையாது; ஏறிய சரிவும் இறங்கிய சரிவும் கழிந்துவிடும். நாட்பட்ட கம்பியில் அதே சோதனையைச் செய்தால் எண் அசையும். கம்பியின் ஒரு பகுதி மற்றதைப்போல் இல்லை என்பதற்கு இதைவிட எளிய சான்று கிடையாது.

இதை ஏற்றுக்கொண்டால் துல்லியத்தை எங்கே தேடவேண்டும் என்பதும் மாறிவிடுகிறது. வெப்பநிலை மாறும் இடமெல்லாம் அளவியின் பகுதி. உலையின் வெளிச்சுவரில் தெர்மோகப்பிளின் தலை இருக்கும். அங்கிருந்து கட்டுப்பாட்டு அறைக்குப் பத்து இருபது மீட்டர் கேபிள் போகும். உலை ஓடும்போது அந்தத் தலை 60 டிகிரியில் இருக்கலாம், கட்டுப்பாட்டு அறை 30 டிகிரியில் இருக்கலாம். ஆக, கேபிளின் மீது 30 டிகிரிச் சரிவு உட்கார்ந்திருக்கிறது. அதே வகைக் கலவையில் செய்த ஈடுசெய் கேபிளுக்குப் பதிலாகச் சாதாரணச் செம்புக் கேபிளை இழுத்துவிட்டால் அந்த 30 டிகிரி அப்படியே காணாமற்போகும். உலை 850-இல் இருக்கும், திரை 820 காட்டும். காலையில் உலை குளிர்ந்திருக்கையில் தலையும் அறையும் ஒரே சூட்டில் இருக்கும் என்பதால் அப்போது சோதித்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும் என்பதுதான் இதில் பொல்லாத்தனம். சரியான கேபிளை வாங்கி இரு முனைகளிலும் பிளஸ்-மைனஸ் மாற்றி இணைத்துவிட்டாலோ இழப்பு இருமடங்கு, அறுபது டிகிரி. ஒரு முனையில் மட்டும் மாறினால் உலை சூடாகச் சூடாக எண் இறங்கும், உடனே கண்டுபிடித்துவிடலாம். இரண்டு முனையிலும் மாறினால் எண் ஒழுங்காக ஏறும், தவறு மறைந்துகொள்ளும். நிறக் குறியீடு இதற்குத் துணைபோகிறது. அமெரிக்க முறையில் சிவப்புக் கம்பி மைனஸ். பழைய ஜெர்மன் முறையில் சிவப்பு பிளஸ். இன்றைய சர்வதேச முறையில் கே வகைக்குப் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். சிவப்பென்றால் பிளஸ் என்று கை பழகிய எலக்ட்ரீஷியனைக் குறைசொல்லிப் பயனில்லை. கம்பியைக் காந்தத்தால் தொட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்: அறை வெப்பநிலையில் கே வகையின் மைனஸ் கம்பி காந்தத்தில் ஒட்டும், பிளஸ் கம்பி ஒட்டாது. கேபிள் நிஜமாகவே கே வகைக் கலவையில் செய்ததாக இருக்கவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. மலிவான மாற்றுக் கலவைக் கேபிள்களில் இந்தச் சோதனை செல்லாது.

அடுத்த சரிவு கருவிக்குள்ளேயே இருக்கிறது. பதினாறு தெர்மோகப்பிள்களை இணைக்கும் ஒரு டேட்டா லாகரை எடுத்துக்கொள்வோம். தரவுத் திரட்டி என்று தமிழில் சொல்லலாம். அதன் திருகு முனைகள் வரிசையாக ஒரு சாண் நீளத்துக்கு நிற்கும். அத்தனைக்கும் சேர்த்து ஒன்றோ இரண்டோ தெர்மிஸ்டர்கள்தான். வரிசையின் ஒரு கோடிக்குப் பின்னால் மின்வழங்கி சூடாகிக்கொண்டிருந்தால், அந்தக் கோடித் திருகு மறுகோடியைவிட இரண்டு டிகிரி அதிகமாக இருப்பது சாதாரணம். தெர்மிஸ்டர் நடுவில் அமர்ந்து ஓர் எண்ணைச் சொல்கிறது. பதினாறு சந்திகளுக்கும் அதே எண்ணைக் கருவி நம்புகிறது. கே வகையில் இந்தப் பிழை ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்று என்று இறுதி அளவில் ஏறிவிடும். நல்ல தயாரிப்பாளர்கள் திருகுகளுக்கு அடியில் ஒரு கனத்த அலுமினியக் கட்டையை வைத்து எல்லாவற்றையும் ஒரே சூட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். அதைக் கெடுப்பது பெரும்பாலும் நாம்தான். முனைகளின் மூடியைக் கழற்றி எறிந்துவிடுவோம், மின்விசிறிக்கு நேராக வைப்போம், பெட்டியை இயக்கிய மறுநிமிடமே அளக்கத் தொடங்குவோம். அரை மணி நேரம் இயங்கவிட்டு, மூடியை மூடி, காற்று நேராக அடிக்காத இடத்தில், சூடாகும் பெட்டிகளிலிருந்து தள்ளி வைப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை. தடித்த கம்பியைத் திருகில் மாட்டுவதும் வினைதான். உலையடியின் சூட்டை அது முனை வரைக்கும் கடத்திக்கொண்டு வரும். பதினாறு முனைகளையும் சிறு செம்புத் துண்டுகளால் குறுக்கே இணைத்து, ஒரு மணி நேரம் பதிவை ஓடவிட்டால், உலை எதுவும் இல்லாமலே முதற்பிழைகள் சில வெளியே வரும். செம்பில் எதுவும் தோன்றாது என்பதால் லாகரின் ஒவ்வொரு வாய்க்காலும் (சேனலும்) தெர்மிஸ்டர் சொன்னதையே திருப்பிச் சொல்ல வேண்டும்; ஒரு வாய்க்கால் விலகினால் அது மின்சுற்றின் சொந்தப் பிழை. ஆனால் திருகுகளுக்கு இடையிலான சூட்டு வேறுபாட்டை இந்தச் சோதனை காட்டாது. அதற்கு ஒவ்வொரு முனையிலும் ஒரு தெர்மோகப்பிளை மாட்டி, எல்லா முனைகளையும் ஒரே பனிக்குழம்பில் அமிழ்த்திப் பார்க்கவேண்டும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, நல்ல 24 பிட் கருவி வாங்கினால் போதாதா என்ற கேள்வி இங்கே வந்தே தீரும். கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி, தன் அளவெல்லையை எத்தனை படிகளாகப் பிரிக்கிறது என்பதுதான் பிட் கணக்கு. 16 பிட் என்றால் 65,536 படிகள். பொதுப் பயனுக்கான ஒரு கார்டில் அளவெல்லை மைனஸ் 10 வோல்ட்டிலிருந்து பிளஸ் 10 வோல்ட் வரை இருந்தால் ஒரு படி 305 மைக்ரோவோல்ட். கே வகையில் ஏழு டிகிரிக்கும் மேல். உலை ஏழு டிகிரி மாறினால்தான் எண் ஒரு படி நகரும். அதே 16 பிட்டை, முன்னால் ஒரு பெருக்கியை வைத்து, மைனஸ் 80 மில்லிவோல்ட்டிலிருந்து பிளஸ் 80 வரை என்று சுருக்கினால் ஒரு படி 2.4 மைக்ரோவோல்ட், அதாவது ஒரு டிகிரியில் பதினேழில் ஒரு பங்கு. இந்த மாற்றம் உண்மையிலேயே பெரிது. ஆகவே தெர்மோகப்பிளுக்கென்று செய்த உள்ளீட்டு அட்டையை வாங்குவது வீண்செலவல்ல. அங்கிருந்து 24 பிட்டுக்குப் போனால் ஒரு படி டிகிரியில் சில ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். அதே கருவியின் குளிர்முனைத் தெர்மிஸ்டரோ அரை டிகிரி தவறக்கூடும். கம்பியோ அதைவிடப் பத்து மடங்கு தவறக்கூடும். சர்வதேசத் தரத்தின்படி இரண்டாம் வகுப்பு கே கம்பிக்கு அனுமதித்த விலகல் 0.75 சதவீதம், 850 டிகிரியில் அது 6.4 டிகிரி. முதல் வகுப்புக் கம்பியிலும் 3.4 டிகிரி. புதிதாக, சுருளிலிருந்து வெட்டி எடுத்த அன்றைக்கு உள்ள கணக்கு இது. திரையில் தெரியும் கடைசி இலக்கம் கருவியின் பகுதிறனைச் சொல்கிறது, துல்லியத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை.

சராசரி எடுத்தால் பிழைகள் தேய்ந்துவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. இரைச்சலைப் பொறுத்தவரை அது உண்மை, அதிலும் எவ்வளவு நேரம் சராசரி எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து. சுற்றியுள்ள மின்கம்பிகளெல்லாம் விநாடிக்கு 50 முறை ஏறி இறங்கும் மின்சாரத்தைச் சுமக்கின்றன. அது நம் மைக்ரோவோல்ட் சுற்றில் ஒட்டிக்கொள்ளும். ஓர் ஏற்ற இறக்கம் 20 மில்லிவிநாடி. கருவி தன் அளவைச் சரியாக 20 மில்லிவிநாடிக்கோ அதன் முழு மடங்குக்கோ திரட்டிக் கூட்டினால் ஏறியதும் இறங்கியதும் கழிந்து, 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஏறக்குறைய ஒழிந்துபோகும். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். அங்கிருந்து வந்த கருவியை இங்கே இயக்கும்போது அமைப்புகளில் 50 என்று மாற்றாமல் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. 100 மில்லிவிநாடி என்று வைத்தால் இரண்டுக்கும் பொருந்தும், முன்னதில் ஐந்து சுற்று, பின்னதில் ஆறு. ஆனால் ஒரே பக்கம் சாயும் பிழையை எந்தச் சராசரியும் நிமிர்த்தாது. மின்னுலைகளில் ஒரு விசித்திரம் உண்டு. அறை வெப்பநிலையில் மின்சாரத்தைக் கடத்தாத பீங்கான் காப்புகள் நல்ல சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கடத்தத் தொடங்கும். சூடேற்றும் சுருளின் 230 வோல்ட் அந்த வழியாகத் தெர்மோகப்பிளுக்குள் கசியும். கருவியின் ஒவ்வொரு வாய்க்காலும் மற்றவற்றிலிருந்தும் தரையிலிருந்தும் மின்னால் பிரிக்கப்பட்டிருக்கவேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். கசிவு இருக்கிறதா என்று அறிய, உலையின் மின்சாரத்தைத் திடீரென்று நிறுத்தித் திரையைப் பார்க்கலாம். அவ்வளவு கனமான உலை ஒரு விநாடியில் நான்கு டிகிரி குளிர முடியாது. எண் சட்டென்று குதித்தால் குதித்தது மின்சாரம், வெப்பமல்ல. இதேபோல ஒரே தெர்மோகப்பிளைக் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் லாகருக்கும் இணையாகக் கொடுப்பதும் வம்பு. கம்பி அறுந்ததைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு கருவியும் ஒரு நுண் மின்னோட்டத்தைக் கம்பிக்குள் செலுத்துகிறது. நீண்ட மெல்லிய கம்பியின் மின்தடையில் அது சில மைக்ரோவோல்ட்டை உண்டாக்கிவிடும், இரண்டு கருவிகளும் ஒன்றின் அளவை ஒன்று கெடுக்கும். ஒரே உறைக்குள் இரண்டு ஜோடிக் கம்பி கொண்ட தெர்மோகப்பிள்கள் விற்கின்றன, அதை வாங்குவதே மேல்.

எல்லாவற்றையும்விடக் கடினமான எதிர்வாதம், தெர்மோகப்பிளுக்கு அளவுத்திருத்தச் சான்றிதழ் இருக்கிறதே என்பது. ஆய்வகத்தில் தரமான அளவியோடு ஒப்பிட்டு 'இது 850-இல் 2.1 டிகிரி அதிகமாகக் காட்டுகிறது' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதைக் கழித்துக்கொண்டால் வேலை முடிந்தது அல்லவா? புதிய கம்பிக்கு அது சரி. பயன்படுத்திய கம்பிக்கு அந்தத் தாள் பெரிதாக உதவாது, காரணம் மேலே சொன்ன சரிவு. கே வகைக் கம்பி 250-க்கும் 550-க்கும் இடைப்பட்ட சூட்டில் கிடந்தால் அதன் அணுக்கள் சற்றே வேறு ஒழுங்கில் அமர்ந்துவிடும். டிகிரிக்கு எத்தனை மைக்ரோவோல்ட் என்பதும் மாறும். 800-க்கு மேல், ஆக்சிஜன் குறைந்த சூழலில், பிளஸ் கம்பியின் குரோமியம் மட்டும் தேர்ந்தெடுத்து ஆக்சைடாகிப் பச்சை நிறம் ஏறும். அப்போது அளவு பத்துக்கணக்கான டிகிரி தாழ்ந்துபோகக்கூடும். உலைச் சுவருக்குள் கிடந்த ஒரு சாண் இப்படி மாறிவிட்டது, மற்ற பகுதி மாறவில்லை என்று வையுங்கள். அந்தக் கம்பியைக் கழற்றி ஆய்வகத்துக்கு அனுப்பினால், அங்குள்ள சிறிய உலையில் இன்னும் ஆழமாகச் செருகுவார்கள். கெட்டுப்போன சாண் சீரான சூட்டுக்குள் போய்விடும், சரிவு நல்ல பகுதியில் விழும், கம்பி நன்றாகவே இருக்கிறது என்று சான்றிதழ் வரும். திரும்ப உலையில் பொருத்தினால் பழையபடி தவறும். அளவியல் உலகமே இந்த விஷயத்தில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 1968-இன் சர்வதேச வெப்பநிலை அளவுகோலில் 630.74 டிகிரியிலிருந்து பொன்னின் உறைநிலை வரைக்கும் பிளாட்டினம்-ரோடியத் தெர்மோகப்பிள்தான் அதிகாரபூர்வக் கருவி. 1990-இல் வந்த அளவுகோல் அதை நீக்கிவிட்டு, வெள்ளியின் உறைநிலையான 961.78 டிகிரி வரை பிளாட்டின மின்தடை வெப்பமானியிடமும், அதற்கு மேல் ஒளிர்வை அளக்கும் முறையிடமும் பொறுப்பைக் கொடுத்தது. விலையுயர்ந்த பிளாட்டினக் கம்பியே முழுக்க ஒரே சீராக நிற்பதில்லை என்னும்போது நிக்கல் கம்பியிடம் எதை எதிர்பார்ப்பது?

அப்படியானால் மின்தடை வெப்பமானியையே உலையிலும் வைக்கலாமே என்றால், தொழிற்கூடத்தில் கிடைக்கும் பிடி-100 வகை 600 டிகிரிக்கு மேல் நீடிக்காது, அதிர்வும் அதற்கு ஆகாது. பால் பதனிடும் இடத்திலும் மருந்துக் கிடங்கிலும் தாராளமாக அதை வைக்கலாம், தெர்மோகப்பிளைவிட அது நல்ல தேர்வும்கூட. உலைக்குள் தெர்மோகப்பிள்தான் கதி. ஆகவே திருத்தத்தை ஆய்வகத்திலிருந்து உலைக்குக் கொண்டுவரவேண்டும். விமானப் பாகங்களைப் பதப்படுத்தும் உலைகளில் இது கட்டாய நடைமுறை: ஓடிக்கொண்டிருக்கும் உலையில், நிரந்தரத் தெர்மோகப்பிளின் முனைக்குச் சில சென்டிமீட்டர் அருகில், புதிதாகத் திருத்தம் பெற்ற ஒன்றைச் செருகி, தனிக் கருவியில் படித்து, இரண்டையும் ஒப்பிடுவார்கள். ஒப்பீட்டில் கம்பி, கேபிள், முனை, மென்பொருள் எல்லாம் ஒரே அடியில் சோதனைக்குள்ளாகின்றன. சோதனைத் தெர்மோகப்பிள்களை ஒரே சுருளிலிருந்து வெட்டினால் இன்னொரு நன்மை: ஒரே உருக்கில் பிறந்த கம்பிகளுக்குள் வேறுபாடு, தரம் அனுமதிக்கும் 6.4 டிகிரியைவிட மிகக் குறைவு. சுருளின் இரு முனைகளிலும் ஒவ்வொரு துண்டை வெட்டித் திருத்தம் பெற்று, அந்த எண்ணை லாகரில் எல்லா வாய்க்காலுக்கும் ஏற்றிவிடலாம். உலையின் எட்டு மூலைகளிலும் நடுவிலும் ஒன்பது இடங்களில் சூடு சமமா என்று பார்க்கும்போது நமக்கு வேண்டியது வேறுபாடுதான், எல்லாவற்றுக்கும் பொதுவான பிழை அதில் கழிந்துபோகும்.

பனிக்குழம்புச் சோதனை பட்டறையிலேயே செய்யக்கூடியது, ஆனால் சரியாகச் செய்தால்தான் பயன். டம்ளர் தண்ணீரில் நாலு பனிக்கட்டியை மிதக்கவிட்டு அடியில் முனையை வைத்தால் 0 கிடைக்காது. தண்ணீரின் அடர்த்தி 4 டிகிரியில் உச்சம். அந்த 4 டிகிரித் தண்ணீர் கீழே தங்கிவிடும். வாலைவடி நீரில் உறையவைத்த பனியை மாவாக நொறுக்கி, ஃபிளாஸ்க்கின் அடிவரை அடைத்து, இடுக்குகள் நிறையும் அளவுக்கு மட்டும் அதே நீரை ஊற்றினால், அது 0-இலிருந்து ஒரு டிகிரியின் நூற்றில் ஒரு பங்குக்குள் நிற்கும். விலையுயர்ந்த பல கருவிகளைவிட நம்பகமான அளவுகோல் இது. கொதிநீரை அடுத்த புள்ளியாக எடுக்கிறவர்கள் ஊரைக் கவனிக்கவேண்டும். சென்னையில் 100, ஊட்டியில் 92, 93-லேயே கொதித்துவிடும்.

கடைசியாக ஒரு நடைமுறைவாதியின் கேள்வி. உண்மையான வெப்பநிலை எதற்கு, திரையில் 850 வைத்தால் எஃகு நன்றாக வருகிறது, நாளைக்கும் அதே 850 வைத்தால் போகிறது. தவறானாலும் மாறாத தவறு என்றால் தொழில் நடக்கும்தான். ஆனால் இந்தத் தவறு மாறாமல் நிற்பதில்லை என்பதைத்தான் மேலே பார்த்தோம். கம்பி மாதத்துக்கு மாதம் கீழ்நோக்கி நகர, கட்டுப்பாட்டுக் கருவி அதை ஈடுகட்ட உலையை மெல்ல மெல்ல மேலே ஏற்றிக்கொண்டிருக்கும், திரையில் மட்டும் 850 அசையாமல் நிற்கும். ஒருநாள் பழையதைக் கழற்றிப் புதியது மாட்டியதும் எஃகு மென்மையாக வரும், பழி புதிய தெர்மோகப்பிளின் மீது விழும். இங்கே சொன்ன அத்தனையும் செய்த பிறகு 850 டிகிரியில் இரண்டு மூன்று டிகிரிக்குள் நின்றால் அது நல்ல வேலை. தசமப் புள்ளியை அப்போதும் பதிவேட்டில் எழுதத் தேவையில்லை. பொருத்திய தெர்மோகப்பிளை வெளியே இழுக்காமல் விட்டுவைக்கவேண்டும், ஏனென்றால் இரண்டு சென்டிமீட்டர் நகர்ந்தாலும் சரிவு வேறொரு துண்டின் மேல் விழும். பிழை ஏறும்வரை காத்திருக்காமல் குறித்த கெடுவில் மாற்றி, புதியதை அதே ஆழத்தில் செருகவேண்டும். கழற்றியது பார்க்கப் புதிதுபோலவே இருக்கும், மிச்சம்பிடிக்க அடுத்த உலையில் மாட்டத் தோன்றும். அது அங்கே என்ன காட்டும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. பழைய இரும்புக்காரரிடம் போடுவதுதான் லாபம்.